கோபுரங்களால் வளர்ந்த தூர்தர்ஷன்: ஒரு நிகழ்வு ஆய்வு

1980-களின் நடுவில் இந்தியாவில் டிவி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டு வீடுகளின் மாலை நேரம் அதன் கையை விட்டுப் போய்விட்டது. எழுச்சிக்கு ராமாயணமும் மகாபாரதமும் காரணம், சரிவுக்கு கேபிளும் சன் டிவியும் காரணம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் விளங்கும். சிக்னல் எந்த ஊரில் கிளம்பியது, எந்த வழியாக மொட்டைமாடி ஆண்டெனாவுக்கு வந்து சேர்ந்தது, வழியில் யாருக்கு அதை மாற்றும் அதிகாரம் இருந்தது என்ற கேள்விகளோடு பார்த்தால் எழுச்சியும் சரிவும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்பது தெரியும்.

முதல் பதினாறு ஆண்டுகள்

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. வானொலியின் ஒரு பிரிவாக, ஆகாசவாணி கட்டடத்திலேயே, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம். யுனெஸ்கோ உதவியோடு வாங்கிய பெட்டிகளைப் பொது இடங்களில் வைத்து மக்கள் கூட்டமாகப் பார்த்தார்கள். தினசரி ஒளிபரப்பு வந்தது 1965-இல். 1967 ஜனவரி 26-இல் விவசாயிகளுக்கான கிருஷி தர்ஷன் டெல்லியைச் சுற்றிய 80 கிராமங்களை மனத்தில் வைத்துத் தொடங்கியது. இரண்டாவது நிலையமான பம்பாய் வருவதற்கு 1972 அக்டோபர் ஆகிவிட்டது. ஸ்ரீநகர், அமிர்தசரஸ், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகியவை 1973-க்கும் 1975-க்கும் இடையில் வந்தன. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நிலையமும் தனித் தீவு. சென்னைக்கும் டெல்லிக்கும் நிரந்தர இணைப்பு இல்லாததால் சென்னை நிலையம் தன் நேரத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும், பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன எதிரொலி என்று தமிழ்நாட்டார் இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர்கள் சென்னை ஸ்டூடியோவில் பிறந்தவை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் இழந்தது இதைத்தான்.

1976 ஜனவரியில் விளம்பரங்கள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது.

கோழிவலை டிஷ்

வளர்ச்சியின் தொழில்நுட்ப விதை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த சைட் (செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சி) சோதனை. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இந்தியாவின் பக்கம் கொண்டுவந்து, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள்.

கிராமத்தில் நிறுவியது மூன்று மீட்டர் குறுக்களவுள்ள டிஷ். தகடுக்குப் பதில் கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். வலைக்கண் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்தால் அலைக்கு அது முழுத் தகடாகவே தெரியும். விலை குறைவு, காற்று ஊடே போய்விடும், கிழிந்தால் அங்கேயே தைத்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாத ஊர்களில் பெட்டியை பேட்டரியில் ஓட்டினார்கள்.

காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. சிக்கல் மொழியில் வந்தது. செயற்கைக்கோளில் ஒரு படத் தடமும் இரண்டு ஒலித் தடங்களும் மட்டுமே. அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு மொழிகள். இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழிக்காரர்களும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மொழிக்கான நேரம் ஓடும்போது அடுத்த மொழிக்கான கிராமத்தில் பெட்டிக்கு வேலை இல்லை. வானத்தில் இடம் குறைவு என்றால் முதலில் அடிபடுவது மொழி என்பதை அந்த ஓராண்டே காட்டிவிட்டது. அடுத்த செயற்கைக்கோளைத் திட்டமிட்டவர்கள் பரப்பளவை எண்ணிய அளவுக்கு இதை எண்ணவில்லை என்பதுதான் என் கணிப்பு.

1982 முதல் 1984 வரை: உண்மையான பாய்ச்சல்

1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. டெல்லியில் தயாராவதை இரவில் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காக அந்த ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோள், செப்டம்பர் 6-இல் எரிபொருள் தீர்ந்து செயலிழந்தது. நவம்பர் 19-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. இன்டெல்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுத்து, தரைவழி நுண்ணலை இணைப்புகளையும் சேர்த்து நிலைமையைச் சமாளித்தார்கள். வண்ண ஒளிபரப்பு அந்த ஆண்டுதான் வந்தது. கலர் டிவி இறக்குமதி விதிகளையும் தளர்த்தினார்கள். 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலம் சுமந்துபோன இன்சாட்-1பி, சூரியத் தகடு விரியாமல் சில நாள் பயமுறுத்திவிட்டு, வேலைக்கு வந்தது. அதன் பிறகுதான் கணக்கே மாறியது.

மாற்றத்தைக் கொண்டுவந்த கருவி குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர். துறைக்குள் எல்பிடி என்றே சொல்வார்கள். ஒரு எல்பிடிக்கு வேண்டியவை இவ்வளவுதான்: செயற்கைக்கோளை நோக்கிய ஒரு பெரிய டிஷ், அதிலிருந்து வரும் சிக்னலைப் படமும் ஒலியுமாகப் பிரிக்கும் ரிசீவர், 100 வாட் டிரான்ஸ்மிட்டர், ஒரு கம்பிக் கோபுரம், மின்சாரம் போனால் ஓட ஒரு டீசல் ஜெனரேட்டர், முறை வைத்து மாறும் சில டெக்னீஷியன்கள். ஒரு சிறு கட்டடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். சிக்னல் சுற்றிலும் 15 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டும். ஒரு மாவட்டத் தலைநகரமும் அதை ஒட்டிய ஊர்களும் தாராளமாக உள்ளே வரும்.

உயர் சக்தி நிலையம் வேறு வகை. 1 கிலோவாட்டோ 10 கிலோவாட்டோ டிரான்ஸ்மிட்டர், நூறு மீட்டருக்கு மேல் கோபுரம், பெரிய மின் இணைப்பு. கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். எல்பிடியோ சில வாரங்களில் ஓடத் தொடங்கும். 1984-இன் பின்பாதியில் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் திறந்தார்கள். அந்த டிசம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மக்கள்தொகையில் 70 விழுக்காட்டினரை எட்டுவது என்ற இலக்குக்கு ஏற்றபடிதான் இடங்களைத் தேர்ந்தார்கள். பரப்பளவைக் கணக்கில் எடுத்திருந்தால் மலையும் காடும் உள்ளே வந்திருக்கும். மக்கள்தொகையை எடுத்ததால் நகரங்கள் முதலில் வந்தன.

இனி முக்கியமான விஷயம். எல்பிடியில் ஸ்டூடியோ கிடையாது. மேலிருந்து வருவதை அப்படியே திருப்பி அனுப்பும், வேறொன்றும் செய்யாது. மேலிருந்து வந்ததோ டெல்லி. சென்னை நிலையத்தின் கோபுரம் எட்டும் தூரத்தில் இருந்தவருக்கு மாலையில் தமிழும் இரவு எட்டரைக்கு மேல் இந்தியும் கிடைத்தன. எல்பிடியை மட்டும் நம்பிய ஊரில் புதிதாக டிவி வாங்கியவருக்கு மாலையிலேயே டெல்லி. மாநில மொழி நிகழ்ச்சியை அந்த ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் மாநிலத் தலைநகரிலிருந்து மேலே ஏற்ற ஒரு தரைநிலையமும், செயற்கைக்கோளில் அதை வாங்கித் திருப்பி அனுப்பத் தனி டிரான்ஸ்பாண்டரும், அதைப் பிடிக்க எல்பிடியில் இரண்டாவது ஏற்பாடும் வேண்டும். பணமும் வான் இடமும் பற்றாத நிலையில் இது மாநிலம் மாநிலமாகப் பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

மொட்டைமாடிப் பக்கம்

சிக்னல் ஊருக்கு வந்தால் போதாது, வீட்டுக்குள் வர வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் பார்ப்பவர் தலையில் விழுந்தது. பேண்ட் ஒன்றில் 60 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓடிய நிலையத்துக்கு ஆண்டெனாவின் முக்கியக் குழாய் ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓடிய பேண்ட் மூன்று நிலையத்துக்கு 75 சென்டிமீட்டர் போதும். ஒன்றுக்கானதை வாங்கி மற்றதற்கு மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று அல்லாடியவர்கள் நிறைய.

படத்தில் பொறி பறந்தால் சிக்னல் போதவில்லை என்று பொருள். கம்பத்தை உயர்த்த வேண்டும். உருவத்துக்குப் பக்கத்தில் நிழலுருவம் விழுந்தால் ஏதோ ஒரு கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து வருகிறது. உயர்த்துவதால் அது தீராது, ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்பி அந்தத் திசையைத் தவிர்க்க வேண்டும். பூஸ்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதை டிவிக்குப் பின்னால் வைத்தார்கள். நீண்ட ஒயரில் சிக்னல் தேய்ந்து இரைச்சலோடு வந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கம்ப உச்சியில், ஆண்டெனா இணைப்பை ஒட்டி வைத்தால்தான் பூஸ்டரால் பயன். இரட்டைக் கம்பி ரிப்பன் ஒயர் மழையில் நனைந்தால் இழப்பு கூடும். கடலோர ஊர்களில் இணைப்புத் திருகுகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துப் படத்தைக் கெடுத்தன. தூர்தர்ஷனின் எந்த விரிவாக்கக் கணக்கிலும் வராத இந்தச் செலவையும் உழைப்பையும் மக்கள் தாங்களே சுமந்தார்கள்.

ஸ்பான்சர் வந்த கதை

இவ்வளவு பேரை எட்டிய பிறகு காட்ட நிகழ்ச்சி வேண்டும். செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோவில் மிகேல் சபிடோ உருவாக்கிய தொடர்களைக் கண்டறிந்து வந்தார். குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளைக் கதைக்குள் வைத்துச் சொல்வது அந்த முறை. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதிய ஹம் லோக் 1984 ஜூலை 7-இல் தொடங்கி 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகள் ஓடியது. முதல் 13 பகுதிகளில் உபதேசம் தூக்கலாக இருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு குடும்பச் சண்டை முன்னுக்கு வந்தது, பிரச்சாரம் பின்னுக்குப் போனது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் அரை நிமிடம் தோன்றி நடந்ததைப் பற்றிப் பேசுவார். நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன.

பணம் வந்த விதம்தான் புதிது. மேகி நூடுல்ஸ் நிறுவனம் தயாரிப்புச் செலவை ஏற்றது, அதற்குப் பதிலாக விளம்பர நேரம் பெற்றது. இதுவே பிறகு பொது முறையானது. ஸ்பான்சர் தயாரிப்பாளருக்குப் பணம் தருவார், தூர்தர்ஷனுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார், குறிப்பிட்ட விநாடிகள் விளம்பரம் இலவசமாகக் கிடைக்கும். தூர்தர்ஷன் தன் கையிலிருந்து காசு போடாமல் நேரத்தை நிரப்பியது. 1990-91-இல் அதன் விளம்பர வருமானம் 250 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்த முறையில் இரண்டு கோளாறுகள் உள்ளேயே இருந்தன. ஒன்று, தொடர்களுக்கு 13, 26, 52 என்று தொகுதிகளாக டெல்லி மண்டி ஹவுஸ் தலைமையகம் ஒப்புதல் தர வேண்டும். கோப்பு அங்கே தேங்கினால் எல்லாம் தேங்கும். மற்றது, ஸ்பான்சர் நாடு முழுக்கத் தெரியும் இரவு நேரத்துக்குத்தான் பணம் தருவார். ஆகவே நல்ல பணமும் நல்ல தயாரிப்பாளரும் பம்பாய்க்கும் இந்திக்கும் போனார்கள். சென்னை நிலையத்தின் மாலை நேரம் பழைய சம்பளக் கணக்கிலேயே ஓடியது.

ஹம் லோக்கை வடக்கே 65 முதல் 90 விழுக்காடு வரையிலானவர்கள் பார்த்தார்கள். தெற்கே இந்தி பேசாத பகுதிகளில் இது 20 முதல் 45 வரை. எல்லாருடைய வீட்டிலும் தெரிந்த ஒரு தொடரை எல்லாரும் பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

ராமானந்த சாகரின் ராமாயணம் இந்தக் கோட்டைத் தாண்டியது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு 78 பகுதிகள். முதலில் திட்டமிட்டது 52. பின்னாலேயே பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள். இந்தி ஒரு சொல்லும் புரியாத தமிழ் வீடுகளிலும் பார்த்தார்கள், ஏனென்றால் கதை ஏற்கெனவே கையில் இருந்தது. கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் பாட்டி வாயிலும் கேட்ட கதைக்கு வசனம் புரியாவிட்டாலும் பாதகமில்லை. தூர்தர்ஷன் தலைமை இந்த வெற்றியை இந்தி நிகழ்ச்சிக்கு நாடு முழுக்க வரவேற்பு என்று படித்தது பிழையான வாசிப்பு. மொழி தேவைப்படாத இரண்டே கதைகளுக்குக் கிடைத்த வரவேற்பு அது.

செல்வாக்கின் அளவை வேறு இடத்தில் பார்க்கலாம். ராமாயணம் முடியப்போகிறது என்றதும் உத்தர காண்டத்தையும் எடுக்கச் சொல்லி ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் பாஜக சார்பில் குஜராத்திலிருந்து மக்களவைக்குப் போனார்கள். ராமனாக நடித்த அருண் கோவில் 2024-இல் மீரட்டில் வென்றார்.

செய்தி யார் கையில்

நெருக்கடிநிலை முடியும் தறுவாயில், 1977 பிப்ரவரியில் டெல்லியில் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஜெகஜீவன் ராமும் கலந்துகொண்ட எதிர்க்கட்சிப் பொதுக்கூட்ட நேரத்தில் தூர்தர்ஷன் அன்றைய பெரிய வெற்றிப் படமான பாபியைப் போட்டது. கூட்டம் குறையவில்லை. அதே ஆண்டு அமைத்த வர்கீஸ் குழு 1978-இல் அரசின் பிடியிலிருந்து ஒளிபரப்பை விடுவிக்கத் தன்னாட்சி அறக்கட்டளை வேண்டும் என்றது. பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்புக்கான சட்டம் வந்தது 1990-இல். நடைமுறைக்கு வந்தது 1997-இல். இடையில் வந்த ஒவ்வொரு அரசும் எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்டதை ஆட்சிக்கு வந்ததும் ஒத்திப்போட்டது.

தாமதத்தின் விலை 1984 அக்டோபர் 31-இல் தெரிந்தது. இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். பிபிசி பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டது. தூர்தர்ஷன் மாலை வரை சொல்லவில்லை. ஒரு நாடு தன் பிரதமரின் மரணத்தைச் சிற்றலை வானொலியில் வெளிநாட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அடுத்த நாள்களில் இந்திராவின் உடல் வைக்கப்பட்டிருந்த தீன்மூர்த்தி இல்லத்திலிருந்து நேரலை போனபோது பழிக்குப் பழி என்ற கோஷமும் சேர்ந்து வீடுகளுக்குள் போனது. டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை. நேரலையை வெட்ட ஒருவர் கையில் பொத்தான் இருந்தும் அழுத்தத் துணியவில்லை, ஏனென்றால் மேலிடத்து உத்தரவில்லாமல் எதையும் செய்யாத அமைப்பாகவே அதை வளர்த்திருந்தார்கள். காலையில் செய்தியை நிறுத்தியதற்கும் பிறகு கோஷத்தை நிறுத்தாததற்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

கொடைக்கானல், ரூபவாகினி, ராமேஸ்வரம்

தென் தமிழகத்துக்குத் தூர்தர்ஷன் முழுமையாக வந்தது கொடைக்கானல் நிலையத்தால். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் இடத்தில் கோபுரம் வைத்தால், தடை ஏதும் இல்லாத திசையில் 180 கிலோமீட்டருக்கும் அப்பால் பார்வைக்கோடு, அதாவது அலை நேராக எட்டும் தூரம், போகும். மதுரைப் பக்கத்து மொட்டைமாடிகளில் ஆண்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானலைப் பார்த்து நின்றன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இடையே ஒரு குன்று நின்றால் போதும், பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெளிவாகத் தெரிவது இங்கே தெரியாது.

அதற்கு முன்பே தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளில் இலங்கையின் ரூபவாகினி தெரிந்தது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய அந்த நிலையத்தின் முக்கிய டிரான்ஸ்மிட்டர் 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகல மலையில். கணக்குப்படி பார்வைக்கோடு 200 கிலோமீட்டர்தான். தூத்துக்குடி 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வெப்பநாள்களில் கடல்மீது குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை அந்த அடுக்குக்குள் மாட்டி வளைந்து நெடுந்தூரம் ஓடும். அதனால்தான் சில மாதம் பளிச்சென்று தெரியும், சில மாதம் காணாமல் போகும். உயரமான கம்பமும் பூஸ்டரும் வைத்து மக்கள் அதைப் பிடித்துப் பார்த்தார்கள். தங்கள் நாட்டு ஒளிபரப்பு வந்து சேராத இடத்தில் அடுத்த நாட்டு ஒளிபரப்பு குடியேறியது.

1990-களின் நடுவில் ராமேஸ்வரத்தில் எழுந்த 323 மீட்டர் கோபுரம் இதற்குத் தாமதமாக வந்த பதில். அந்த உயரத்தின் பார்வைக்கோடு சுமார் 74 கிலோமீட்டர். பார்ப்பவர் ஆண்டெனா பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் 87 வரை போகும். மன்னார் உள்ளே வருகிறது, யாழ்ப்பாண நகரம் விளிம்பில் நிற்கிறது. ஆனால் கோபுரம் எழுந்த காலத்தில் போட்டி தரையிலிருந்து வானத்துக்குப் போய்விட்டது.

ஏகபோகம் உடைந்த விதம்

முதல் விரிசல் வீடியோ கேசட். செய்தியையே கேசட்டில் விற்ற இதழ்கள் 1980-களின் இறுதியில் வந்தன. தமிழில் 1990-இல் கலாநிதி மாறன் பூமாலை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். 1991 வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையில் காட்டியதும் ஹோட்டல்களில் டிஷ்கள் முளைத்தன. ஸ்டார் டிவி, 1992 அக்டோபரில் ஜீ, 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி.

அப்போது தனியார் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு சிக்னல் ஏற்ற அனுமதி இல்லை. நிகழ்ச்சியைப் பதிந்து ஒளிநாடாவை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து ஏற்றினார்கள். அதனால் சூடான செய்தி தர முடியாது, தினமும் சில மணி நேரம்தான் ஓட்ட முடியும். ஆனாலும் மாலை முழுக்கத் தமிழ். தேசிய நிகழ்ச்சி வந்த பிறகு தூர்தர்ஷன் அனுமதிக்காத ஒன்றை வாடகை வான் இடத்தில் ஓடிய ஒரு சிறு சேனல் முதல் நாளிலேயே தந்தது.

கேபிள்காரர் தெருவில் இழுத்த ஒயர்தான் எல்பிடியின் வேலையைத் தனியார் பக்கம் செய்தது. பெரிய டிஷ் ஒன்று, சேனலுக்கு ஒரு ரிசீவர், அதைத் தனி அலைவரிசையில் ஏற்ற ஒரு மாடுலேட்டர், வழியில் ஆம்ப்ளிஃபையர்கள், வீட்டுக்கு ஒயரைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டேப். அரசு டிரான்ஸ்மிட்டருக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்: எதை ஏற்றுவது என்பதைக் கேபிள்காரரே முடிவு செய்தார், தெருக்காரர்கள் அவரிடம் நேரில் கேட்டார்கள்.

1995-இல் வந்த கேபிள் சட்டத்தின் எட்டாவது பிரிவு தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்டச் சொன்னது. சட்டம் இருந்தும் பல வீடுகளில் தூர்தர்ஷன்தான் மோசமாகத் தெரிந்தது. பெரும்பாலோர் இதைக் கேபிள்காரரின் அலட்சியம் என்று நினைத்தார்கள். பல ஊர்களில் காரணம் வேறு. உள்ளூர் டிரான்ஸ்மிட்டர் எந்த அலைவரிசையில் காற்றில் ஓடியதோ அதே அலைவரிசையில் கேபிளிலும் தூர்தர்ஷனை ஏற்றினால், தரமில்லாத ஒயரும் தளர்ந்த இணைப்பும் காற்றில் வருவதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றில் வருவது கேபிளைச் சுற்றி வருவதைவிட முன்னால் வந்துவிடும். ஆகவே உருவத்துக்கு இடப்பக்கம் நிழல் விழும். வழக்கமான நிழல் வலப்பக்கம்தான் விழும், எனவே பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். தூர்தர்ஷனை வேறு அலைவரிசைக்கு மாற்றினால் தீர்ந்தது. தெரிந்த கேபிள்காரர்கள் மாற்றினார்கள். மற்றவர்கள் வீட்டில் தூர்தர்ஷன் மங்கலான சேனல் என்ற பெயரை வாங்கிக்கொண்டது.

சட்டப்படி ஏகபோகம் முடிந்தது 1995 பிப்ரவரி 9-இல். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை குறித்த வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனி உடைமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தூர்தர்ஷன் 1993-இல் தமிழுக்குத் தனி செயற்கைக்கோள் சேனலைத் தொடங்கியிருந்தது. பின்னர் அது பொதிகை ஆகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. 1985-இல் தொடங்கியிருந்தால் போட்டியே இருந்திருக்காது. அதற்கு வேண்டிய ஸ்டூடியோவும் கலைஞர்களும் அனுபவமும் சென்னையில் பத்து ஆண்டுகளாக இருந்தன.

இன்றைய பிடி: கிரிக்கெட்டும் ஃப்ரீ டிஷ்ஷும்

2007 சட்டப்படி நாட்டு முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலைத் தனியார் உரிமையாளர்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். டிவி விளம்பர வருமானத்தில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. 2017-இல் உச்ச நீதிமன்றம் இதை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிடிஎச்சுக்கும் மட்டும் என்று வரையறுத்தது. கேபிளில் டிடியைத் திருப்பினால் போட்டி தெரியாமல் வேறு நிகழ்ச்சி ஓடுவது இதனால்தான்.

அந்த டிடிஎச் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியது, இன்று டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து டிஷ்ஷைத் தென்கிழக்குப் பக்கம், ஏறக்குறைய 68 பாகை உயரத்துக்குத் திருப்ப வேண்டும். வழக்கமான ஆஃப்செட் டிஷ்ஷில் கிண்ணம் அவ்வளவு மேலே பார்ப்பதுபோல் தோன்றாது, கையும் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி முனையும் கீழிருந்து வருவதால் சரிவு குறைவாகத்தான் தெரியும். கண்ணால் பார்த்து வானத்தை நோக்கி மல்லாத்தினால் சிக்னல் வராது. கனமழையில் சில நிமிடம் படம் உறைவது இந்த டிஷ் பிடிக்கும் கேயூ பேண்ட் அலைகளின் இயல்பு, பெட்டியை மாற்றத் தேவையில்லை.

தனியார் சேனல்கள் இதில் இடம் பிடிக்க ஏலத்தில் பணம் கட்டுகின்றன. நான்கு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் என்பது துறையின் மதிப்பீடு. 1,400-க்கு மேல் இருந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, எல்லைப் பகுதி போன்ற சில இடங்கள் தவிர, 2022-க்குள் மூடிவிட்டார்கள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற 2,539 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதி வீடுகளுக்கு எட்டு லட்சம் ஃப்ரீ டிஷ் பெட்டிகள் இலவசம். பழைய எல்பிடிகள் செய்த வேலையை இப்போது இந்தப் பெட்டிகள் செய்கின்றன.

மொழிச் சிக்கலும் கூடவே வந்துவிட்டது. ஏலத்தில் அதிகம் கேட்பவை இந்திச் சேனல்கள், ஏனென்றால் பெட்டிகள் அங்கே அதிகம். தமிழ்நாட்டில் கேபிள் மலிவு, மக்கள் விரும்பும் தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் ஃப்ரீ டிஷ்ஷில் இல்லை, ஆகவே பெட்டி வாங்குவோர் குறைவு. பெட்டி குறைவு என்பதால் தமிழ்ச் சேனல்கள் ஏலத்துக்கு வருவது குறைவு. ஏலத்தை மட்டும் நம்பினால் இந்த வட்டம் உடையாது. சில தமிழ்ச் சேனல்களுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கட்டணமில்லாமல் இடம் கொடுத்து, நீலகிரி, கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்று கேபிள் ஒயர் எளிதில் ஏறாத மலையூர்களில் பெட்டிகளை முதலில் கொடுத்துத் தொடங்கலாம். சேனல் எத்தனை வீடுகளில் தெரிகிறது என்ற எண்ணிக்கை கையில் வந்த பிறகு கட்டணத்தைப் பேசிக்கொள்ளலாம்.